வேருக்காக வளர்த்த தக்காளி

மண் மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காணியின் ஒரு மூலையில் தொடங்கி வளைந்து வளைந்து நடக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை எறிந்துவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி நாலாக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்ய வேண்டும். துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும். ஈரத்தில் மை கரையும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகும், கடைக்காரர் அரிசி அள்ளும்போது மூட்டையின் மேற்பக்கத்திலிருந்து மட்டும் எடுக்கிறாரா என்று என் கண் போகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விவசாயப் போதனாசிரியராகத் தலவாக்கலைக்கு வந்தேன். நியமனக் கடிதத்தில் 'தற்காலிகமாக' என்று இருந்தது. அரசாங்க சேவையில் அந்தச் சொல்லுக்கு ஒரு மனிதனின் தலைமுடி நரைக்கும் காலம் என்று பொருள். ஊர் யாழ்ப்பாணம்; போரால் பாதை மூடிக் கிடந்தது. ஒவ்வொரு ஆண்டும் இடமாற்ற விண்ணப்பத்தை உரிய படிவத்தில், உரிய திகதிக்கு முன், உரிய மேலதிகாரியூடாக அனுப்பினேன். ஒவ்வோர் ஆண்டும் உரிய முறையில் நிராகரித்தார்கள். கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடைக்கு மேல் அறை. கடை முதலாளியின் குடும்பம் திருச்சிப் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது. நல்ல மனிதர். ஆனால் வடக்கிலிருந்து வந்தவன் என்று என் பெயரைப் பொலிசில் பதிந்தவர் அவர் என்பதால், நான் எத்தனை மணிக்குப் போகிறேன், எத்தனை மணிக்கு வருகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை; அதற்கு அப்பால் பனிமூட்டம்; பனிமூட்டம் விலகினால் தேயிலை. ரயில் நானுஓயாவுக்குப் போகும், ஹட்டனுக்குப் போகும், கொழும்புக்கும் போகும். எனக்கு வேண்டிய இடத்துக்கு மட்டும் போகாது.

புதன்கிழமை ஆலோசனை நாள். மரக்கறி செய்கிறவர்கள் வாடிய இலை, துளை விழுந்த கிழங்கு எல்லாவற்றையும் கடதாசியில் சுற்றிக்கொண்டு கந்தோருக்கு வருவார்கள். நான் வந்து எட்டு ஒன்பது வருடம் கழித்து, அப்படி ஒரு புதன்கிழமை, நாற்பத்தைந்தைத் தாண்டிய ஓர் அம்மா, ஒரு காலைச் சற்று இழுத்தபடி வந்து, என் மேசையில் ஒரு கரட்டை வைத்தார். அதற்கு இரண்டு காலும் ஒரு கையும் இருந்தன.

"ஐயா, இது கெரட்டுங்களா, இல்ல ஏதாச்சும் சாமி குத்தங்களா?"

பின்னால் நின்ற உருளைக்கிழங்குக்காரப் பையன் எட்டிப் பார்த்தான். "கல்யாணத்த முடிச்சு வச்சிருங்க அக்கா. எங்கிட்ட பொண்ணு பீட்ரூட் ஒண்ணு இருக்கு."

"மொதல்ல ஒனக்கு ஒரு பொண்ணு கெடைக்கட்டும் தம்பி. பீட்ரூட்டுக்கு அப்புறம் பாக்கலாம்."

கந்தோரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கரட்டின் பக்கவேர்களில் பாசிமணி கோர்த்ததுபோல் சின்னச் சின்ன முடிச்சுகள். வட்டப்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு. மண்ணிலிருந்து வேருக்குள் நுழைந்து, அங்கேயே தங்கி, வேரை வீங்கச் செய்து, தண்ணீரையும் சத்தையும் மறித்துக் குடித்து, முட்டையிட்டு, பெருகும். செடி செத்துவிடாது. சாகாமல், வளராமல், நிற்கும். எனக்கு அந்தப் புழு உடனே விளங்கிவிட்டது. செடி அதைவிட நன்றாக விளங்கியது.

"எவ்வளவு காணி அம்மா?"

"பதினாலு பாத்திங்க. லயத்துக்குக் கீழ, ஓடைக்கு மேல. பழைய தொரை வாயால சொல்லிக் குடுத்தது. கடுதாசி ஒண்ணும் இல்ல."

நான் பேனையை மூடினேன். தேயிலைத் தோட்டக் காணி கம்பனியுடையது. அதில் நான் ஏதாவது செய்வதானால் காணிக்குரியவருக்கு அறிவிக்க வேண்டும். நோய் கண்டால் மூன்று பிரதிப் படிவம்: ஒன்று எனக்கு, ஒன்று ஆய்வுகூடத்துக்கு, மூன்றாவது காணிக்குரியவருக்கு. அதாவது தோட்டத்தை நடத்தும் துரைக்கு.

மறுநாள் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைக்குள் அரை மணி நேரம் இறக்கம். வரிசை வீடுகளான லயத்தின் கடைசியில், அவருடைய தொங்கல் வீட்டுக்கு முன்னால் பீலிக் குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாத்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிபோல் இறங்கின. கீழே போகப்போக கரட் இலைகள் மஞ்சள். மேலே இருந்த இரண்டு பாத்திகளில் மட்டும் கரும்பச்சை.

"இந்த ரெண்டும் ஏனுங்க நல்லா வருது?" என்று கேட்டார். "இதுதான் மொதமொத வெட்டுன பாத்தி. பன்னண்டு வருசமா ஒருநாள் சும்மா போட்டதில்ல. மண்ணு செத்திருக்கணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"வெயில் கூடப் படுகுது" என்றேன், படித்தவனின் முழு நம்பிக்கையுடன்.

அப்போதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். இருபத்தேழு வருடம் கொழுந்து எடுத்தவர். ஒரு மழைநாளில் கூடையோடு சறுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. தோட்டப் பேரேட்டில் பெயரை வெட்டிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டார். கணவர் தொழிற்சாலையில் வேலை. அதனால் லயத்தில் குடியிருந்த காம்பரா பறிபோகாது. மிச்சத்தை இந்தப் பதினாலு பாத்தி தாங்கியது.

"இது போச்சுன்னா நா மறுபடி விடியக்காலம் பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல போயி நிக்கணும் ஐயா. இந்தக் காலோட. மலையில ஏறமுடியாதுன்னு கண்டாக்கையாவுக்குத் தெரியும். ஆனா பேரு போட்டா ஏறித்தான் ஆகணும்." பிறகு, கொஞ்சம் மெதுவாக: "காலையில சங்கு ஊதுறப்ப நா படுத்துக்கிட்டே இருப்பேனுங்க. எந்திரிச்சுருவேன், ஆனா படுத்துக்கிட்டே இருப்பேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இவ்வளவும்."

புதிய துரை வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தேயிலைக்குத் தொந்தரவில்லாதவரை பாத்திகள் இருக்கட்டும் என்று சொல்லியிருந்தாராம். தேயிலைக்கும் வட்டப்புழு உண்டு. துரைமாருக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வரும். தேயிலையின் புழு வேறு, இந்தக் கரட்டின் புழு வேறு. ஆனால் என் படிவத்தில் ஒரே ஒரு பெட்டிதான்: 'வட்டப்புழு: உண்டு / இல்லை.' எந்தப் புழு என்று அது கேட்கவில்லை.

ஆகவே படிவத்தை நிரப்பாமல், மேற்பாத்தி மண்ணை ஒரு பையிலும் கீழ்ப்பாத்தி மண்ணை இன்னொரு பையிலும் போட்டு, கண்டிப் பக்கம் போகிற திணைக்கள வான் வண்டியின் சாரதியிடம் கொடுத்தனுப்பினேன். அங்கே ஆய்வுகூடத்தில் என்னோடு பயிற்சி பெற்ற ஒரு சிங்களப் பெண்மணி இருந்தார். என் சேவையில் படிவம் இல்லாமல் ஒரு பொருள் நகர்ந்தது அதுவே முதல் தடவை.

ஆனால் பழக்கம் என்பது விட்டுவிட்டுப் போகிற சாமான் அல்ல. ஒரு விதியை மீறிய குற்ற உணர்ச்சியில் மற்ற விதியை இரட்டிப்பாக நிறைவேற்றினேன். நோயுற்ற பயிரை வேரோடு பிடுங்கி, 'அதே காணியில், உயரமான, உலர்ந்த இடத்தில்' குவித்து எரிக்க வேண்டும். சுற்றுநிருபத்தில் அப்படித்தான் இருந்தது. உயரமான, உலர்ந்த இடம் எது? அந்த அம்மாவின் முதலாவது பாத்தி.

"நல்ல பாத்திங்களே ஐயா" என்றார்.

"அதுதான் முறை அம்மா. ஒரு வேரையும் விட்டிடாதேங்கோ. நல்லா எரியுங்கோ."

மேல் இரண்டு பாத்திக் கரட்டையும் விடாமல் பிடுங்கி, நான் சொன்னபடியே எரித்தார். ஒரு விவசாயி என் சொல்லை முழுதாகக் கேட்ட சில சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று. ஈர வேர்கள் இரண்டு நாள் புகைந்தன. அந்தப் புகை தேயிலைக்கு மேலே எழும்பி, எதிர்மலையில் நின்ற கண்டாக்குக்குத் தெரிந்தது. கண்டாக்கு என்றால் தோட்டத்தில் வெளிவேலை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். மழைக்கோட்டும் கைத்தடியும், எதையும் ஒரு தடவைக்கு மேல் பார்க்காமலே எல்லாம் தெரிந்துகொள்ளும் கண்ணும்.

"என்னாம்மா எரிக்கிற?"

"கெரட்டு வேருங்க. கவுருமெண்டு ஐயா எரிக்கச் சொன்னாரு."

"கவுருமெண்டு ஐயா சும்மா எரிக்கச் சொல்லமாட்டாரே. என்னா நோயி?"

இந்த உரையாடலை அந்த அம்மா பின்னர் எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார், கண்டாக்கின் குரலையும் சேர்த்து. தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னாராம். மூன்றாம் நாள் பாத்திகளைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசிய முளைகள் அடிக்கப்பட்டன. தேயிலைக் கன்று நடுவதற்கு அளவெடுத்த முளைகள். அந்த வாரமே என் மேசையில் தோட்டக் கந்தோரின் கடிதம்: மேற்படி காணியில் வட்டப்புழு உண்டா, இல்லையா, எழுத்தில் அறியத்தரவும்.

அதே வாரம் ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி. அந்தப் பெண்மணி சிங்களத்தில் மூச்சுவிடாமல் பேசினார். அவர் குரலை அவ்வளவு சந்தோசமாக நான் கேட்டதில்லை.

கீழ்ப்பாத்தி மண்ணை ஒரு மெல்லிய கடதாசியில் பரப்பி, புனலுக்கு மேல் வைத்து, தண்ணீர் தொடவிட்டிருக்கிறார். புழுக்கள் நீந்திக் கீழே இறங்கின, நூற்றுக்கணக்கில். மேற்பாத்தி மண்ணில் இறங்கியவை மிகக் குறைவு. இறங்கியவற்றின் உடம்பில், ஒட்டுப்புல் காட்டுக்குள் நடந்தவனின் காற்சட்டை மாதிரி, உருண்டை உருண்டையாக ஏதோ ஒட்டியிருந்தது. அது பக்றீரியா என்கிற நுண்ணுயிரில் ஒரு வகை. மண்ணில் காத்துக் கிடக்கும். புழு பக்கத்தால் போகும்போது தோலில் ஒட்டிக்கொள்ளும். புழு வேருக்குள் நுழையும்போது கூடவே உள்ளே போகும். புழுவின் வயிற்றில் பெருகும். புழு வளரும், ஆனால் முட்டையிடாது. வேர் உக்கும்போது அந்தப் பக்றீரியா இலட்சக்கணக்கில் மண்ணுக்குத் திரும்பும். பன்னிரண்டு வருடம் விடாமல் பயிர் செய்ததால்தான், அந்த இரண்டு பாத்தியிலும் அது தானாகப் பெருகியிருக்கிறது. வெயில் அல்ல.

"போத்தலில் வளர்க்க முடியாது" என்றார். "எவராலும் முடியவில்லை. உயிரோடிருக்கிற புழுவில்தான் வளரும். புழு உயிரோடிருக்கிற வேரில்தான் வளரும். அதனால் மேற்பாத்தியின் நோய் வேர்களை ஒன்றும் செய்துவிடாதீர்கள். காயவைத்து இடித்தால் அதுதான் மருந்து. எவ்வளவு வேர் வைத்திருக்கிறீர்கள்?"

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"மாத்தயா?"

"எரித்துவிட்டேன்" என்றேன். "முறைப்படி."

"தீ வைக்காத மற்ற மேற்பாத்தியின் மண்ணையாவது தொடாதீர்கள்" என்றார்.

இனி என் நிலையைச் சொல்கிறேன். 'உண்டு' என்று எழுதினால் தேயிலைக் கன்று வரும்; அந்த அம்மா பிரட்டுக்களத்துக்குப் போவார். 'இல்லை' என்று எழுதினால் அது பொய். நான் ஒழுக்காற்று விசாரணைக்குப் போவேன். பதிலே எழுதாவிட்டால், பதினாலு நாளில் கடிதம் என் மேலதிகாரிக்குப் போகும். இந்த மூன்று சுவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து யோசித்தபோது, அதிகாரிகள் ஏன் படிவங்களை நேசிக்கிறார்கள் என்பது எனக்கு முதன்முறையாக விளங்கியது. படிவத்தில் எப்போதும் நாலாவது சுவர் ஒன்று இருக்கும்; அதில் சிலசமயம் கதவு இருக்கும். 'பெறப்பட்ட மாதிரி போதாமையால், அடுத்த போகத்தில் அதே பயிரிலிருந்து மீள எடுக்கப்படும். விடயம் பரிசீலனையில் உள்ளது.' முத்திரை குத்தி அனுப்பினேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படிவமில்லாமல் அனுப்பிய மாதிரி, சட்டத்தின் கண்ணில் மாதிரியே அல்ல.

கண்டாக்கு கடிதத்தோடு நேரிலேயே வந்தார்.

"பரிசீலனைன்னா எத்தன நாளு சேர்?"

"அது பரிசீலனையைப் பொறுத்தது."

அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "நம்ம கந்தோர்லயும் இப்பிடி ஒருத்தர் இருக்காரு சேர். கூரைத் தகரம் கேட்டு நாலு வருசமாச்சு. லயத்து ஆளுங்க அவரப் பாத்தாலே குடைய விரிக்கிறாங்க." பிறகு எழுந்துகொண்டே சொன்னார்: "முளை அங்கயே நிக்கும். புதுப் பாத்தி ஒண்ணும் வெட்டக்கூடாதுன்னு சொல்லிருங்க. தொரை உத்தரவு."

அந்த அம்மாவிடம் நடந்ததைச் சொல்லப் போனேன். நல்ல பாத்தியை என் சொற்படி எரித்தது தவறு என்று சொல்வதற்கு நான் பஸ்ஸிலேயே மூன்று வாக்கியம் தயாரித்திருந்தேன். கேட்டுவிட்டு, எரிந்த பாத்தியைப் பார்த்தார். கால்விரலால் சாம்பலைக் கிளறினார்.

"அப்போ நோயத் தீக்குற சாமான் நோவுக்குள்ளதான் இருந்துச்சுங்களா?"

"ஓம்."

"அத நா எரிச்சுட்டேன்."

"நான் எரிக்கச் சொன்னனான்."

"எரிச்சது என் கையிதானே" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி ஒருபோதும் பேசவில்லை. அவரிடம் திட்டு வாங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவது பாத்தி மிஞ்சியிருந்தது. ஆய்வுகூடப் பெண்மணி சொன்ன வழி இது: அந்தப் பாத்தியில் தக்காளி நட வேண்டும், தக்காளி வேருக்குள் இந்தப் புழு ஆசையாகப் போகும். கீழ்ப்பாத்தியிலிருந்து புழுமண்ணை ஒவ்வொரு கிழமையும் கொண்டுவந்து அதன் அடியில் போட வேண்டும். நன்றாக நோய் பிடித்ததும், வேரைத் தோண்டி, நிழலில் காயவைத்து, இடித்து, கீழ்ப்பாத்தி ஒவ்வொன்றிலும் கரட் விதைக்குமுன் மண்ணோடு கலக்க வேண்டும். ஒரே போகத்தில் ஒன்றும் தெரியாது. மூன்று, நாலு போகம் போகும். அதுவரை கோணல் கரட்தான்.

மழைக்காலத்துத் தலவாக்கலையில் தக்காளிப் பழம் பழுப்பதற்குள் அழுகிவிடும். அதைப்பற்றி யாருக்குக் கவலை? ஆனால் லயம் முழுக்க அதைப்பற்றித்தான் பேசியது. பக்கத்துக் காம்பராவில் இருந்த மதினிமுறைப் பெண், கொழுந்து எடுக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே கேட்பார்:

"என்னா மதினி, ஒன் தக்காளிக்கு இன்னும் நோவு புடிக்கலியா? கோயிலுக்கு நேந்துக்கிட்டியா?"

"புடிச்சிருச்சுடி. நல்லா முத்திருச்சு."

"அடிப்பாவி, ஊரே நல்லது கேக்குது, நீ நோவு கேக்குற. அந்த யாழ்ப்பாணத்து ஐயா சொன்னாருன்னா கெணத்துலயும் குதிப்பியா?"

"இங்க ஏதுடி கெணறு? பீலியில குதிச்சா காலுதான் நனையும்."

கண்டாக்கு வரும்போது மட்டும் அந்த அம்மா தக்காளிக்கு முன்னால் தன் மெல்லிய உடம்பை நிறுத்திக்கொள்வார். மறைக்க முடியாது. ஆனால் நிற்பார். வருகிறவர் வாடிய செடிகளையும் முளைகளையும் பார்ப்பார். "என்னம்மா இது, ஆஸ்பத்திரி வச்சிருக்க?" என்பார். போய்விடுவார். பிறகு அந்த அம்மா வேர் இடிக்கிற உலக்கையை எடுப்பார்.

போகத்துக்குப் போகம் நான் கடிதம் எழுதினேன்: 'மீள எடுக்கப்படும்', 'பயிர் முதிராமையால் ஒத்திவைக்கப்பட்டது', 'கடும் மழையால் மாதிரி தகுதியற்றது'. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, ஒவ்வொரு பந்திக்கும் ஒரு சுற்றுநிருப இலக்கம். என் தமிழும் ஆங்கிலமும் அந்தக் கடிதக் கோவையில் செலவானதுபோல் வேறெதிலும் செலவாகவில்லை. கோவை தடித்தது. அந்தக் கோவை திறந்திருக்கும்வரை பாத்திகள் இருக்கும். அது மூடினால் போகும். வேறு யாராவது என் நாற்காலிக்கு வந்தால், முதல் வேலையாக மூடுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேர்த்தூள் போட்ட இரண்டாம் போகத்தில் கரட்டின் கோணல் குறையவில்லை. மூன்றாவதில், எட்டாம் பாத்திவரை கொஞ்சம் நேராயிற்று. ஆய்வுகூடத்துக்குப் படிவமில்லாத பைகள் போய்க்கொண்டே இருந்தன. நான் அந்தப் பெண்மணிக்குக் காதற்கடிதம் அனுப்புவதாகத்தான் சாரதி நினைத்திருக்கிறார். "ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது" என்று பதில் வந்தது. "ஆனால் கீழே இன்னும் புழு அதிகம். இன்னும் ஒரு போகம்."

அந்த 'இன்னும் ஒரு போகம்' நடந்துகொண்டிருக்கும்போதுதான் போர்நிறுத்தம் வந்து வடக்குக்கான பாதை திறந்தது. கடைத்தெருவில் யாழ்ப்பாணத்துக்கு வான் போகிறதென்று பலகையே தொங்கவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் என் மேசைக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் கேட்டது. ஊருக்குப் பக்கத்துக் கந்தோர். இரண்டு கிழமைக்குள் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது, நிலுவையிலுள்ள கோவைகளின் பட்டியலை இணைக்க வேண்டும். அவற்றைப் புதிய உத்தியோகத்தர் முப்பது நாளில் முடிக்க வேண்டும். என் பட்டியலில் ஒரே ஒரு கோவை.

கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். நாலாம் நாள், 'சொந்தக் காரணங்களுக்காக ஏற்க முடியாமைக்கு வருந்துகிறேன்' என்று எழுதினேன். மறுத்தவரின் பெயர் பட்டியலின் அடிக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியை நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன்.

அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் கத்தினார்.

"உனக்கென்ன விசரே? இவ்வளவு வருசமா மாத்தல் மாத்தல் எண்டு எங்கடை காதைத் தின்டாய். இப்ப தந்தா வேண்டாமெண்டுறாய். அங்கை ஆரையும் வைச்சிருக்கிறியோ?"

"ஓம் அக்கா. புழு."

அவர் வைத்துவிட்டார்.

உண்மை அவ்வளவு மேன்மையானது அல்ல. அக்கா அதற்கு முன்னர் ஒரு படம் அனுப்பியிருந்தார்: எங்கள் வீடு, கூரை இல்லாமல், உள்ளே எருக்கலைச் செடி. என் அறை இருந்த இடத்தில் வானம். போவதற்கு நான் துடித்த இடம் அந்தப் படத்தில் இல்லை. பதினாலு பாத்தி எனக்கு நல்ல ஒரு சாட்டாகவும் இருந்தது. ஒருவரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒளிந்திருப்பது, அரசாங்க உத்தியோகத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விடயந்தான்.

அந்தப் போகம் கரட் தோண்டுகிற சமயம், முதன்முறையாக முழு முறைப்படி மாதிரி எடுத்தேன். காணிக்குரியவரின் பிரதிநிதி முன்னிலையில் எடுக்க வேண்டும். கண்டாக்கு கைத்தடியோடு வந்து நின்றார். நான் வளைந்து வளைந்து நடந்தேன், தோண்டினேன், கலந்தேன், நாலாக்கினேன். அந்த அம்மா ஓரத்தில் நின்று, நான் எறிந்த ஒவ்வொரு பங்கு மண்ணையும், அதில் தன் காணி இருக்கிறதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். துண்டுச்சீட்டைப் பென்சிலால் எழுதினேன். மூன்று பிரதி, நடுவில் காபன்.

பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அவர் கரட் தோண்டவில்லை. "தோண்டிட்டா அப்புறம் இல்லன்னு ஆயிருமோன்னு இருக்குங்க" என்றார். எது இல்லை என்று ஆகிவிடும் என்று நான் கேட்கவில்லை.

புழு இருந்தது. ஒரு மண்ணிலும் அது முழுதாக இல்லாமல் போகாது. ஆனால் மிகக் குறைவு, பெரும்பாலானவற்றின் தோலில் பக்றீரியா. படிவத்தின் பின்புறத்தில், எறும்பு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: 'உண்டு எனக் குறிப்பிடுவது, சேதம் விளைவிக்கும் அளவில் காணப்படுமிடத்து மட்டும்.' எனக்கு எல்லாப் படிவமும் பாடம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். அந்தக் குறிப்பை நான் வாசித்தது அன்றுதான். பெட்டியில் 'உண்டு' என்பதை வெட்டி, 'இல்லை'யை மட்டும் விட்டு, ஆய்வுகூட அறிக்கையை இணைத்து, மூன்றாம் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்டாக்கு அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு என்னோடு பாத்திக்கு இறங்கி வந்தார். குனிந்து, பதினாலாம் பாத்தியில் ஒரு கரட்டைப் பிடுங்கினார். நேராக இருந்தது. பன்னிரண்டாம் பாத்தியில் ஒன்று. நேர். மேலே ஏறி நடுவில் ஒன்று. அதற்கு ஒரு சிறிய கால் இருந்தது.

"ஒண்ணு ரெண்டு அப்பிடித்தான் இருக்கும்" என்று அவரே சொன்னார். மண்ணைக் காற்சட்டையில் துடைத்தார். "முளைய நீயே புடுங்கிக்கம்மா. நா தொரைகிட்ட சொல்லிர்றேன். அந்தக் கெரட்டுல கொஞ்சம் பங்களாவுக்கும் குடுத்துவிடு."

அவர் தேயிலைக்குள் மறையும்வரை அந்த அம்மா அசையவில்லை. பிறகு ஒரு முளையைப் பிடித்து ஆட்டினார். இத்தனை வருடம் மழையில் ஊறியதால் அது மண்ணுக்குக் கீழே உக்கி, சாதாரணமாகக் கையோடு வந்துவிட்டது. அவருக்கு அதில் ஏமாற்றம்போலத் தோன்றியது.

மறு மாதம் நான் போனபோது அவர் பாத்தியில் குனிந்தபடியே கேட்டார்.

"ஐயா, யாழ்ப்பாணத்துக்கு மாத்தல் வந்து வேணாம்னு எழுதிட்டீங்களாமே? இரும்புக்கட மொதலாளி சொன்னாரு."

"ஓம்."

"எனக்காகவா?"

"உங்கடை காணிக்காக எண்டு வையுங்கோவன்."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை.

"நா கேட்டனா ஐயா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு? நீங்க போயிருந்தா நா ஏதாச்சும் செஞ்சிருப்பேன். மலையில ஏறியிருப்பேன், இல்ல விழுந்திருப்பேன். இப்ப ஒவ்வொரு கெரட்டப் பாக்குறப்பவும் ஒங்க மூஞ்சியில்ல ஞாபகம் வரும்."

"அது மோசமான விடயந்தான்" என்றேன்.

சிரிப்பை அடக்கத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக் கூரையைப் பற்றியும் எருக்கலையைப் பற்றியும் அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கடன் தீர்ந்ததுபோல் இருந்திருக்கும், அவருக்கு. நான் சொல்லவில்லை. அது என்னிடம் இருந்த ஒரே நல்ல பெயர்.

அவர் மறுபடி தக்காளி நட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது பாத்தியில், வாங்கிய நாற்று. இதற்கு முடிவே இல்லை. புழு அடியோடு செத்தால் பக்றீரியாவுக்கு இரை இல்லாமல் போகும், பிறகு எங்கிருந்தாவது புதுப்புழு வந்தால் தடுக்க ஆளில்லை. எனவே ஒவ்வொரு வருடமும் ஒரு பாத்தியை நோய்க்குக் கொடுக்க வேண்டும்.

"அது இருக்கணும்னா இதுவும் இருக்கணும். ரெண்டையும் நாந்தான் சோறு போட்டு வளக்கணும்" என்றார். "மாமியாரையும் மருமகளையும் ஒரே காம்பராவுல வச்சிருக்கிற மாதிரி." பிறகு, மண் ஒட்டிய கையால் ஒரு கயிற்று நுனியை என் பக்கம் எறிந்தார். "சும்மா நிக்காம அந்தப் பக்கம் புடிங்க ஐயா."

பிடித்தேன். அவர் கயிற்றோரமாக ஒவ்வொரு நாற்றாக வைத்துக்கொண்டு வந்தார். நான் பிடித்தது வளைந்திருக்கிறதென்று இரண்டு தடவை சொன்னார்.